சேஃப் டு டெல்

சேஃப் டு டெல் என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2004இல் தொடங்கப்பட்ட இலவசத் தொலைபேசிச் சேவை. தமக்கோ பிறருக்கோ ஆபத்து என்று கருதும் மாணவர்கள், பெயரைச் சொல்லாமலே இதில் தகவல் தரலாம். பின்னாளில் இணையமும் செயலியும் சேர்ந்துகொண்டன.

இதற்கு வித்திட்டது கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிப் படுகொலை. 1999 ஏப்ரல் 20 அன்று இரண்டு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றே உயிரிழந்தனர். திடீரென்று வானத்திலிருந்து விழுந்த ஆபத்தல்ல அது. கொலையாளிகளில் ஒருவன் இணையத்தில் எழுதிய மிரட்டல்களைப் பற்றி, சக மாணவன் ஒருவனின் பெற்றோர் ஓராண்டுக்கு முன்பே ஷெரிஃப் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தனர். வீட்டைச் சோதனையிட அனுமதி கோரும் மனுகூட எழுதப்பட்டது. ஆனால் அது நீதிபதியிடம் போகவேயில்லை. ஆளுநர் பில் ஓவன்ஸ் அமைத்த விசாரணைக் குழு 2001இல் அறிக்கை தந்தது. பெயர் வெளிவராமல் தகவல் சொல்ல மாணவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்ற யோசனைக்கு அதுவே அடிப்படையானது.

அந்த யோசனைக்கு 2002இல் வலுவான சான்று கிடைத்தது. அமெரிக்க ரகசியக் காவல் பிரிவும் கல்வித் துறையும் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தன. அவற்றில் 81 விழுக்காட்டில், தாக்கியவனின் திட்டம் வேறு ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தோர். கோள்மூட்டி என்ற பட்டத்துக்கும் பழிவாங்கலுக்கும் அஞ்சிப் பிள்ளைகள் வாய்திறப்பதில்லை.

கொலராடோவின் ஏற்பாடு இந்த அச்சத்தைக் குறிவைத்தது. அழைப்பைப் பள்ளி அலுவலகம் எடுக்கவில்லை. மாநில ரோந்துக் காவல் படையின் தொலைத்தொடர்பு மையம் எடுத்தது. அழைத்தவரின் அடையாளத்தைக் காக்க 2007இல் சட்டமே வந்தது. தகவல் பள்ளிக்கும் உள்ளூர்க் காவலர்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். எடுத்த நடவடிக்கையை அவர்கள் திருப்பித் தெரிவிக்க வேண்டும். ஷெரிஃப் அலுவலகக் கோப்பில் முடங்கிய அந்தப் பழைய மனுவை நினைத்தால், இந்தக் கடைசி விதியின் அருமை புரியும். 2014இல் சேவை மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் துறையின் கீழ் வந்தது.

எண் இருந்தால் மட்டும் போதாது. 2013 டிசம்பர் 13 அன்று அதே மாநிலத்தின் அரப்பஹோ உயர்நிலைப் பள்ளியில் மாணவன் ஒருவன் சக மாணவியைச் சுட்டான்; சில நாள்களில் அவள் இறந்தாள். அவனைப் பற்றிப் பலருக்கு முன்பே கவலை இருந்தது. ஒருவரும் இந்தச் சேவையை அழைக்கவில்லை. மாணவர்களுக்கு இதைப் பற்றிப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு குறை கூறியது.

துப்பாக்கிக்காகத் திறந்த வழியில் வந்து சேர்ந்ததோ வேறு துயரம். 2018–19 கல்வியாண்டில் வந்த ஏறத்தாழ 20,000 தகவல்களில் முதலிடம் தற்கொலை எண்ணத்துக்கு. போதைப்பொருளும் சக மாணவர் கொடுமையும் அடுத்தடுத்து வந்தன. தோழி அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதறி அழைக்கும் மாணவிதான், ஆயுதம் பற்றிச் சொல்பவரைவிட, இச்சேவைக்குப் பழக்கமான குரல். தகவல் வந்ததும் காவலர் நேரில் போய் நலம் விசாரிப்பதும் உண்டு. மனநல நெருக்கடிக்குச் சீருடைக்காரரை அனுப்புவது சரிதானா என்ற விவாதம் அங்கிருந்து எழுந்தது.

பிற மாநிலங்களும் இதே வழியில் வந்தன. மிச்சிகன் 2014இல் ஓகே டு சே என்ற சேவையையும், யூட்டா 2016இல் மனநல ஆலோசகர்களே நேரடியாகப் பதில் தரும் சேஃப் யூட்டி செயலியையும் தொடங்கின. 2018இல் இயற்றப்பட்ட ஒன்றியச் சட்டம், இத்தகைய ஏற்பாடுகளுக்கு நிதி பெற மற்ற மாநிலங்களுக்கும் வழி செய்தது.