சோறு சென்ற வழி: மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை

ஆற்றுப்படை தமிழுக்கே உரிய தனிச்சிறப்பு வாய்ந்த இலக்கிய வகை. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவான். அவ்வழியில் எந்த நிலம் வரும், அங்கு வாழ்வோர் யாவர், அவர்கள் என்ன உணவு இட்டு விருந்தோம்புவர் என்பதை ஒவ்வொன்றாக விரித்துரைப்பான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குச் செல்வார்க்கு முதிர்ந்த தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும் என்கின்றார் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். வழியைச் சொல்பவன் சோற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட இலக்கணம்.

நம் முத்துக்குளித்துறைக் கரையிலும் அத்தகைய வழி ஒன்று உண்டு. மணப்பாட்டில் தொடங்கி ஆலந்தலை, திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், கொம்புத்துறை, புன்னைக்காயல், பழையகாயல் எனக் கடலை ஒட்டி வடக்கே வந்து, தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தில் நிறைவு பெறும் அவ்வழி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. செப்டம்பர் 14இல் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கும், ஆகஸ்டு 5இல் பனிமய மாதா திருவிழாவுக்கும் இக்கரையில் மக்கள் நேர்ந்துகொண்டு நடக்கின்றனர். இவ்வழியைக் கோயில்களின் வரலாறாக எழுதியோர் பலர். சோற்றின் வரலாறாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருபது தோணிகள்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இக்கரைப் பரதவ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்கு மறைக்கல்வி புகட்டுவார் இல்லை. 1542ஆம் ஆண்டின் இறுதியில் தூய சவேரியார் இக்கரைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாம் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராக நடந்தார். மணப்பாட்டுக் கடற்குன்றின் குகையில் அவர் தங்கியதாக மரபு கூறுகின்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை.

அவர் தம் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு 1544ஆம் ஆண்டில் எழுதிய மடல்கள் அத்துணை அறியப்படவில்லை. அவற்றில் இறையியல் விளக்கம் குறைவு. தண்ணீரும் அரிசியும் தோணியுமே மிகுதி. அவ்வாண்டு சூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் ஓடிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறினர். அங்கே பசியாலும் தாகத்தாலும் மாண்டனர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிக் கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் கயிறு கட்டி இழுத்தும் முனையை அடைய முடியவில்லை. எட்டு நாள் கடலில் அலைந்து திரும்பினார்; பின்னர்த் தரைவழியே நடந்து சென்றார். உண்ண ஏதுமற்றோர், நடக்க இயலா முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரைக் கண்டதாக மடல் பேசுகின்றது. வசதியுள்ளோரிடம் தருமம் திரட்டி ஏழைகளுக்கு உதவுமாறு ஊர்ப் பட்டங்கட்டிமாரை அவர் வேண்டினார்.

இக்கரையில் நிகழ்ந்த திருப்பயணங்களுள் இதனையே முதன்மையானது என்பேன். சென்றடைய அங்கே கோயில் எதுவும் இல்லை. பசித்த மக்கள் இருந்தனர். கையில் சோறு இருந்தது. பிற்காலத்தில் இக்கரையில் எழுந்த வழிபாட்டு நடைகள் அனைத்துக்கும் இந்த நடையே அடிப்படை என்று கொண்டால், வழியில் நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் பொருள் கூடுகின்றது.

மணப்பாடும் பனையும்

புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவை 1540இல் குன்றின் மேல் நடப்பட்டது என்பது மணப்பாட்டு மரபு. அவ்விடத்தில் திருச்சிலுவைக் கோயில் 1581இல் எழுந்தது. வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’ புதினத்தின் வழியே இவ்வூர் நம் வட்டத்தார் பலருக்கும் அறிமுகமானதே.

குன்றிலிருந்து இறங்கினால் குழம்பு மணக்கும். சீலா, பாறை, சாளை, நெத்திலி என அன்றைய பாடு எதுவோ அதுவே அன்றைய குழம்பு. ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்க மண்ணிலிருந்து ஐரோப்பியர் வழியே நமக்கு வந்தவை. ஆதலால் சவேரியார் காலத்து மீன்குழம்பு இன்றைய சிவந்த குழம்பாக இருந்திருக்க முடியாது. புளியும் மிளகும் தேங்காயும் சேர்ந்த கரிய குழம்பையே அன்றைய மணப்பாடு உண்டிருக்கும். நம் நாவுக்குத் தொன்மையானதாகத் தோன்றும் சுவையும் ஒரு காலத்தில் கப்பலேறி வந்த விருந்தாளியே.

மணப்பாட்டுக்கு மேற்கே உடன்குடித் தேரி நிலம். செம்மணலில் பனைகள் நிரைநிரையாக நிற்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாது விட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டுக்கும் இடையே நிற்கின்றது. சவேரியார் மடல்களில் இதற்கும் இடமுண்டு. சாராயம் அருந்தும் பெண்களுக்குப் பணம் தண்டமும் மூன்று நாள் காவலும் விதிக்குமாறு அவர் எழுதினார். பசித்தோர்க்குத் தோணி ஓட்டிய கையே இதனையும் எழுதிற்று. வரலாற்றை முழுமையாகப் பார்ப்போர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பதநீரை வாயகன்ற சட்டியில் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கும் ஏலமும் கூட்டினால் சில்லுக் கருப்பட்டி. நடப்பவனுக்கு இதனினும் ஏற்ற கட்டுணவு இல்லை. கெடாது, கனக்காது, ஒரு துண்டு வாயிலிட்டுத் தண்ணீர் குடித்தால் அடுத்த ஊர் வரைக்கும் கால் தளராது. சித்திரையில் நடப்பவனுக்கு நுங்கும் பதநீரும், தையில் நடப்பவனுக்கு அவித்த கிழங்கும் எனப் பனை பருவந்தோறும் பந்தி மாற்றும். ஆனால் பனையேறுவோர் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. மரம் நிற்கின்றது, ஏறும் கால்கள் இல்லை.

ஒரே சாலை, பல நேர்ச்சைகள்

ஆலந்தலையிலிருந்து 1544 செப்டம்பரில் சவேரியார் எழுதிய மடல் மீண்டும் பசியைப் பற்றியதே. இம்முறை தூத்துக்குடி மக்கள் போருக்கு அஞ்சி எதிரேயுள்ள தீவுகளில் தஞ்சம் புகுந்திருந்தனர். கொம்புத்துறையிலும் புன்னைக்காயலிலும் உள்ள தோணிகளைத் திரட்டித் தண்ணீர் கொண்டு சென்று அவர்களை மீட்டு வருமாறு மான்சிலாசுக்கு அவர் ஆணையிட்டார்.

இவ்வழியை நான் இருமுறை நடந்திருக்கின்றேன். முதல் முறை ஆலந்தலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கினேன். வீட்டு மூதாட்டி என்னை யார் என்று வினவவில்லை. பழைய சோறும் சுட்ட சாளைக் கருவாடும் நாலு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். மறுத்தபோது, “நடந்து வாற ஆளு வெறும் வயித்தோட போகப்படாதுய்யா” என்றார். அவ்வூரிலிருந்து எழுதப்பட்ட மடலை அவர் அறிந்திருக்க மாட்டார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

ஆலந்தலையை அடுத்துத் திருச்செந்தூர். இங்கே சாலை இரு சமயத்தார்க்கும் பொதுவாகின்றது. செந்திலாண்டவனைக் காணப் பச்சை உடுத்தி வடக்கிலிருந்து வருவோரும், சிலுவையை நேர்ந்து தெற்கே செல்வோரும் இதே புளியமர நிழலில் அமர்கின்றனர். இதே கருப்பட்டிக் கடையில் நிற்கின்றனர். சாலையோரத்தில் மோர் ஊற்றுபவர் யாருடைய நேர்ச்சை எது என்று கேட்பதில்லை.

வீரபாண்டியன்பட்டினம் கடந்தால் காயல்பட்டினம். தெருவின் மணமே மாறிவிடும். நெய்ச்சோறும் களறிக் கறியும் புகழ்பெற்ற ஊர். திருமண விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி இருவர் மூவராக அமர்ந்து உண்ணும் வழக்கம் இங்குண்டு. முத்துக்குளிப்பின் உரிமைக்காகப் பதினாறாம் நூற்றாண்டில் பரதவரும் முசுலிம்களும் மோதிக்கொண்டனர் என்பதையும், அம்மோதலின் நெருக்கடியிலேயே பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. பகை பேசப்பட்ட அதே கரையில் பந்தியும் தொடர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அவ்வரலாறு நிறைவு பெறும்.

புன்னைக்காயலின் அச்சும் ஆறும்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல். நம்மைப் போன்ற எழுத்தாளர்க்கு இதுவே இவ்வழியின் திருத்தலம். 1547 முதல் இக்கரையில் பணிபுரிந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, பேசவும் எழுதவும் வல்லவரானார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. கிரீசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியில் வெளிவந்தது. அடியார் வரலாறு 1586இல் அச்சாயிற்று. 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் அவர் உயிர் நீத்தபோது உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. அவருடைய இறுதிப் பயணமும் இவ்வழியிலேயே அமைந்தது. புன்னைக்காயலில் நோயாளர்க்கென மருத்துவமனை ஒன்றை நடத்தியவரும் அவரே. தமிழில் அச்செழுத்து வளர்ந்த இடத்தில் பிணியாளர்க்குக் கஞ்சியும் காய்ந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் நிறைகின்றது.

ஆற்று முகத்தைச் சாலைவழியே கடக்க வேண்டுமெனில் உள்நோக்கித் திரும்பி ஆத்தூர், முக்காணி வழியாகச் செல்ல வேண்டும். அரைநாள் நடையில் நெய்தல் மருதமாகின்றது. உப்புக்காற்று மறைந்து வாழைத்தோட்டமும் நெல்வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் தோன்றுகின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இங்கு விளைவதே. கடற்கரைச் சட்டிக்கு அரிசி ஆற்றங்கரையிலிருந்து வந்தது. ஆற்றங்கரை உலைக்குக் கருவாடும் உப்பும் கடற்கரையிலிருந்து சென்றன.

தூத்துக்குடி

பழையகாயலைக் கடந்து உப்பளங்களின் வெண்குவியல்களைப் பார்த்துக்கொண்டே நகரை அடைகின்றோம். பனிமய மாதா சுரூபம் 1555இல் கப்பலில் வந்தது என்பது மரபு. 1658இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். இன்றைய கோயிலின் திருநிலைப்பாடு 1713இல் நிகழ்ந்தது. 1982இல் அது பேராலயமாக உயர்த்தப்பெற்றது. ஊருக்குப் பெயர் தந்த முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

இங்கே நடப்பவன் கையில் மக்ரூன் பொட்டலம் ஏறுகின்றது. ஐரோப்பாவில் அது வாதுமைப் பருப்பில் செய்யும் பண்டம். இங்கே வாதுமைக்கு மாற்றாக முந்திரி வந்தது. முந்திரியும் நம்முடையதன்று, பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்தது. முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, தணலின் மென்சூட்டில் உலர்த்துகின்றனர். வாயிலிட்டதும் கரைகின்றது. கோப்பை, பீப்பாய், மேசை, சன்னல், அன்னாசி என நம் பேச்சில் கரைந்துவிட்ட போர்த்துக்கீசியச் சொற்களும் அவ்வாறே. எனினும் இது வழிநடைப் பண்டமன்று. வழியில் கருப்பட்டி, வீடு திரும்புகையில் பிள்ளைகளுக்கு மக்ரூன். முன்னது நடையைத் தாங்கியது. பின்னது நடந்ததற்குச் சான்று.

மீண்டும் தோணிகள்

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரையுடைத்தது. நான் மேலே விவரித்த வழி துண்டு துண்டாயிற்று, ஊர்கள் தீவுகளாயின. மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து வெள்ளத்தில் இறக்கினர். திருவைகுண்டத்தில் நின்றுபோன தொடர்வண்டியின் பயணிகளுக்கு அருகிருந்த ஊர்மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டனர். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுப்பு மூட்டின.

நீர் சூழ்ந்த இடத்தில் பசித்திருக்கும் மக்கள். அவர்களை நோக்கிச் சோற்றோடு செல்லும் தோணிகள். 1544இன் மடல்கள் கண்முன் எழுந்து நின்றன. அந்த நாள்களில் படகு தள்ளியோர் வரலாறு படித்து அதைச் செய்யவில்லை. ஆலந்தலை மூதாட்டிக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தென்பாண்டிச் சீமைக் கிறித்தவர் திருவிழா முடிவில் அனைவருக்கும் இடும் பொதுவிருந்தை அசனம் என்பர். அந்த வெள்ளத்தில் ஒரு மாவட்டமே அசனம் இட்டது.

கற்கோயில்களுக்குக் கல்வெட்டு உண்டு. மடல்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. இட்ட சோற்றுக்கு உண்டவன் நினைவு ஒன்றே பதிவேடு. அதுவும் அவனோடு மறையும். பாணர்கள் அதனை அறிந்திருந்தமையால்தான் யார் எங்கே என்ன இட்டனர் என்பதைப் பாட்டில் வைத்தனர். எயிற்பட்டினத்துப் பரதவர் இட்ட குழல்மீன் இன்றும் நமக்குத் தெரிகின்றது. நம் காலத்துக் கரையில் இட்ட சோறு நாளை எவருக்குத் தெரியும்?

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தில் கவிஞர் பலர் உள்ளனர். மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை ஒருமுறை நடந்து வாருங்கள். எவர் வீட்டுத் திண்ணையில் என்ன உண்டீர்கள் என்பதை எழுதுங்கள். இக்கரைக்கு ஓர் ஆற்றுப்படை இன்னும் வரவேண்டியிருக்கின்றது.