யாருக்கு அந்தத் தட்டு?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆயர் ஈத்தாமில் ராஜாஜி, குளுகோரில் சுப்பிரமணிய பாரதி, ஸ்காட்லாந்து சாலையில் இராமகிருஷ்ணா என ஜார்ஜ் டவுன் வட்டாரத்திலும் சில உண்டு. நாட்டின் மற்றத் தொடக்கப்பள்ளிகளைப் போலவே, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இங்கும் இலவச உணவு கிடைக்கிறது. அதன் பெயர் கூடுதல் உணவுத் திட்டம். பெற்றோர் வாயில் அது 'ஆர்எம்டி'.

1979இல் நாடளாவிய திட்டமாக அது வந்தது. 1983இல் பள்ளிப் பால் திட்டமும் சேர்ந்துகொண்டது. தகுதிக்கு முதல் அளவுகோல் குடும்ப வருமானம். ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி மாணவருக்கும் அந்தக் கணக்குப் பார்க்கப்படுவதில்லை.

பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போனால் தட்டு நின்றுவிடும். வீட்டு வறுமை ஆறாம் ஆண்டோடு முடிவதில்லை என்பது விதிக்குத் தெரியாது!

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், ஈராண்டில் 15 வயதுப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள்.

மலேசியாவிலும் திட்டத்தை விரிக்க ஒரு முயற்சி நடந்தது. எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவருக்கும் இலவசக் காலை உணவு என்று 2019இல் கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் அறிவித்தார். செலவைக் காட்டிப் பலர் எதிர்த்தனர். 2020 ஜனவரியில் அவர் பதவி விலகினார். ஆர்எம்டி தொடர்ந்தது, வருமானக் கணக்கோடு.