தமக்குத் தாமே ஜாமீன்: சொந்தக் காப்பு நிதிகளின் சரித்திரம்

ஒருவன் தனக்கு நேரக்கூடிய நஷ்டத்தை முன்னிட்டு, பிறரிடம் பணங்கட்டி ஜாமீன் பெறுவது இன்ஷ்யூரன்ஸ் எனப்படும். ஒரு தொழிலதிபரோ, ஒரே தொழில் செய்யும் பலர் கூடியோ, தமக்கென்றே ஒரு கம்பெனியை அல்லது நிதியை ஸ்தாபித்து, அந்த ஜாமீனைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்வது பிறிதொரு வகை. இத்தகைய கம்பெனியை ‘காப்டிவ்’, அதாவது உடையவனுக்கே கட்டுப்பட்ட கம்பெனி, என்று மேல்நாட்டார் அழைப்பர். ஓமலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் லாரியும் டிராக்டரும் வைத்து ஜீவிக்கும் நம்மவர் பலர், “வருஷந்தோறும் கம்பெனிகளுக்குச் செலுத்தும் பிரீமியத்தை நாமே ஒரு நிதியாகச் சேர்த்து வைத்தால் ஆகாதோ?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லவேண்டியது ஆசையன்று, சரித்திரமும் கணக்குமே.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. தென் ஜில்லாக்களின் வியாபார சமூகங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்து, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நலிந்தோர்க்கும் செலவிட்டு வந்தமை யாவரும் அறிந்ததே. மேல்நாட்டில், கப்பல் சொந்தக்காரர்கள், பிறர்க்கு விளைவித்த சேதத்தின் முழுப் பொறுப்பையும் சாதாரணக் கம்பெனிகள் ஏற்காமையால், 1855-ஆம் வருஷத்தில் லண்டனில் தமக்குள் ஒரு பரஸ்பர சங்கம் கண்டனர். அவ்வகைச் சங்கங்களே இன்றும் உலகக் கப்பல்களிற் பெரும்பகுதிக்குப் பொறுப்பேற்று நிற்கின்றன. நம் தேசத்திலும் 1870-ல் பம்பாய் மியூச்சுவல் சொஸைட்டி தோன்றியது. 1872-ல் கல்கத்தாவில், குடும்பத் தலைவன் இறந்தபின் அவன் மனைவி மக்கள் தெருவில் நில்லாதிருக்க, ஹிந்து குடும்ப வருஷாசன நிதி ஒன்று ஏற்பட்டது. வித்யாசாகரர் அதன் ஸ்தாபகர்களுள் ஒருவர். நிர்வாகம் தமக்குத் திருப்தி தராமையால், சில வருஷங்களிலேயே அவர் அதினின்று விலகிக்கொண்டார். நல்ல நோக்கம் ஒன்றே நல்ல கணக்கை உண்டாக்கிவிடாது என்பதற்கு இது முதற் சான்று.

சுதேசி இயக்கத்தை ஒட்டி, கலியாணத்துக்கும் மரணத்துக்கும் பணந்தரும் ‘பிராவிடெண்ட்’ சொஸைட்டிகள் நாடெங்கும் மலிந்தன. அவற்றுட் பல பங்கீட்டு முறையைக் கைக்கொண்டன. அம்முறையாவது, அங்கத்தினன் இறந்தால் இவ்வளவு என்று உறுதி கூறாமல், வசூலான தொகையை அக்காலத்தில் நேர்ந்த மரணங்களுக்குள் பங்கிட்டுக் கொடுப்பது. புது அங்கத்தினர் சேருமளவும் பங்கு பெரிதாய் இருக்கும். சேர்க்கை நின்றதும் பங்கு தேயும். பல வருஷம் கட்டியவன் குடும்பத்துக்கு மிஞ்சுவது ஏமாற்றமே. 1912-ல் இத்தகைய சொஸைட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. அப்பாலும் தொல்லை தீராமையால், 1938-ஆம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம் பங்கீட்டு முறையையே தடை செய்தது. அச்சட்டமே கம்பெனிகள் சர்க்காரிடம் டெபாஸிட் கட்டவேண்டும், ஆயுள் நிதியின் பெரும்பகுதியைச் சர்க்கார் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் முடக்கவேண்டும் என்றும் விதித்தது.

பெருந்தொழில் வகுப்பினரும் தமக்கெனக் கம்பெனி கண்டனர். 1919-ல் ஸர் தோராப்ஜி டாட்டா பம்பாயில் நியூ இந்தியா கம்பெனியைத் தொடங்கினார். அது பொதுமக்களுக்கும் உழைத்துத் தேசத்துக்குக் கீர்த்தி தேடித் தந்தது. ஆயின் உடையவன் கைக்கு எட்டும் தூரத்தில் பெட்டி இருத்தலின் அபாயத்தைப் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கதை காட்டிற்று. அதன் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா, தம்மைச் சார்ந்த வேறொரு கம்பெனி பங்கு வியாபாரத்தில் அடைந்த நஷ்டத்தை ஈடு செய்ய, பாலிஸிதாரர்களின் பணம் இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்பட்டதைத் திருப்பிவிட்டார் என்பது வெளியாயிற்று. 1955 டிஸம்பரில் பெரோஸ் காந்தி இதனைப் பார்லிமெண்டில் எடுத்துரைத்தார். டால்மியா சிறைத் தண்டனை பெற்றார்; 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அவரைக் குற்றவாளியென்ற தீர்ப்பை உறுதி செய்தது. இதற்கிடையே, 1956-ல் 245 ஸ்தாபனங்களின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் வியாபாரத்தைச் சர்க்கார் ஏற்று எல்.ஐ.சி.யை அமைத்தனர். 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏனைய இன்ஷ்யூரன்ஸ் வியாபாரமும் சர்க்கார் வசமாயிற்று. 1999-ல் புதுச் சட்டம் வந்து தனியார்க்கு வாயில் திறந்தபோது, 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டுமென்றே விதிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1950-களில் பிரெடரிக் ரைஸ் என்பார், ஒஹையோவிலிருந்த ஒரு இரும்புக் கம்பெனிக்குச் சொந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அமைக்க உதவினார். அவ்விரும்புக் கம்பெனி தன் உலைக்கு மட்டுமே தாது தரும் சுரங்கங்களைக் ‘காப்டிவ்’ என வழங்கியமையால், அப்பெயரே இன்ஷ்யூரன்ஸுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு பெர்முடா தீவும், 1981 முதல் வெர்மாண்ட் மாகாணமும் இத்தகைய கம்பெனிகளுக்குத் தனிச் சட்டம் செய்து அவற்றை ஈர்த்தன. இலாபம் யாதெனில், வெளிக் கம்பெனிகள் அதிக விலை கேட்கும் அல்லது ஏற்கவே மறுக்கும் அபாயங்களைத் தாமே தாங்குதல். நஷ்டமில்லாத வருஷத்தின் மிச்சத்தைத் தம்மிடமே நிறுத்துதல். ஆனால் ஒழுங்கான காப்டிவ் கம்பெனி தன் பெட்டியை மூன்று கணக்குகளாய்ப் பிரித்து வைக்கும். முதலாவது, பிரீமியம் வாங்கி இன்னும் காலம் முடியாத பாகம். இரண்டாவது, அறிவிக்கப்பட்டும் தீராத வழக்குகளுக்கு வேண்டிய தொகை. மூன்றாவது, சம்பவித்தும் இன்னும் செய்தி எட்டாத நஷ்டங்களுக்கான உத்தேசத் தொகை. இவற்றுக்கு மேற்பட்ட மூலதனமும் வேண்டும். ஒரு வரம்புக்கு மிஞ்சிய நஷ்டத்தைப் பெரிய கம்பெனியிடம் மறு இன்ஷ்யூரன்ஸ் செய்துவிடவும் வேண்டும்.

இனி நமது சாலைகளுக்கு வருவோம். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் கண்ட கட்டாய மூன்றாந்தரப்பு இன்ஷ்யூரன்ஸ் 1946 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 108-ஆவது பிரிவு நம் கேள்விக்கு நேரே தொடர்புடையது. வாகன உடையவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சர்க்கார் அநுமதி பெற்றால், தம் அங்கத்தினரின் வண்டிகளுக்குத் தாமே இன்ஷ்யூரன்ஸ் செய்யலாம் என்றது அது. நிபந்தனைகள் கண்டிப்பானவை: முதல் 50 வண்டிகளுக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாத நிதி வேண்டும், வண்டி கூடக் கூட அந்த விகிதத்தில் நிதியும் கூடவேண்டும், அந்நிதி சர்க்கார் குறித்த காவலில் இருக்கவேண்டும், சங்கம் கலைந்தாலன்றி அதைத் தொடலாகாது. அதாவது அன்றாட வழக்குகளை அன்றாடப் பிரீமியத்தாலேயே தீர்க்கவேண்டும் என்பது கருத்து. 1988-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் இவ்வாயிலை வைக்கவில்லை.

மற்றொரு வாயில் மட்டும் நிலைத்தது. சர்க்காருக்கும் அரசுப் போக்குவரத்து ஸ்தாபனங்களுக்கும் கட்டாய இன்ஷ்யூரன்ஸிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆனால் விபத்துப் பொறுப்பைத் தீர்க்க ஒரு நிதி ஸ்தாபித்துப் பரிபாலிக்கவேண்டும் என்பது 146-ஆவது பிரிவு. சேலத்தில் 1973-ல் அண்ணா போக்குவரத்துக் கழகம் எழுந்தது. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டமாக விளங்குகிறது. இத்தகைய கழகங்களின் பஸ்கள் விபத்து செய்தால் டிரிப்யூனல் விதிக்கும் நஷ்டஈட்டைக் கழகமே கொடுக்கவேண்டும். அது தாமதப்பட்டதனால், கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்தில் வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியை நம் மாகாணத்துப் பத்திரிகைகளில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! தன் காப்புக்குத் தானே பொறுப்பென்று விலக்குப் பெற்றவர் ரொக்கம் ஒதுக்காது போனால், இறந்தவன் மனைவி மக்களே கோர்ட்டுப் படியேறி அலைய நேர்கிறது.

ஒதுக்கவேண்டிய தொகை எவ்வளவு? மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 35 வயதுச் சுய தொழிலாளி ஒருவர், நான்கு பேரை ஆதரித்தவர், விபத்தில் இறந்தாரென்று வைத்துக்கொள்வோம். வருஷ வருமானம் 1,80,000 ரூபாய். 2017-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 2,52,000. அவர் தம் சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. 2009-ஆம் வருஷத்துத் தீர்ப்பு அவ்வயதுக்குக் கூறிய பெருக்கெண் 16. ஆகவே 30,24,000 ரூபாய். இதன்மேல் ஈமச்செலவு முதலியவையும் வட்டியும் சேரும். நம்மவர் 200 லாரிகளுக்குத் தலைக்கு 10,000 வீதம் நிதி சேர்த்தால் 20 லட்சமே ஆகும். ஒரே ஒரு மரணம் அந்தப் பெட்டியைக் காலி செய்து, மேலும் 10 லட்சத்துக்குக் கடனாளியாக்கும். ஒரே வருஷத்தில் இரண்டு நேர்ந்தால் என் செய்வது? ஒரே சாலையில் ஓடுவோர் ஒரே மழையில் ஒரே மூடுபனியில் ஓடுகின்றனர். அபாயம் அவர்களுக்குள் பரவுவதில்லை, குவிகிறது.

ஆகவே மூன்றாந்தரப்பு இன்ஷ்யூரன்ஸை ஒருகாலும் நிறுத்தலாகாது. சட்டமும் அதற்கு இடங்கொடாது. பதிவு பெறாமல், பிரீமியம் வாங்கி இன்ன தொகை தருவேன் என்று வாக்குறுதி செய்வதும் சட்டத்துக்கு விரோதம். ஆயினும் சங்கம் சும்மா இருக்கவேண்டுமென்பதில்லை. பாலிஸி காலாவதியாகாமல் அங்கத்தினரை முன்கூட்டி எச்சரித்தல். பலர் சேர்ந்து பேசி நல்ல நிபந்தனை பெறுதல். இறந்த டிரைவர், கிளீனர் குடும்பங்களுக்கு உடனடிச் செலவுக்குத் தர்மமாக ஒரு சகாய நிதி வைத்தல் ஆகிய மூன்றும் நம் சக்திக்குட்பட்டவை. அந்நிதியும் தலைவர், காரியதரிசி ஆகியோரின் சொந்தத் தொழிலுக்கு ஒரு நாள் கடனாகவும் போகலாகாது; பாங்கியில் மூவர் கையெழுத்தில் இருக்கவேண்டும்; அதன் ஐந்தொகை வருஷந்தோறும் மகாசபை முன் வாசிக்கப்படவேண்டும்.

ஒற்றுமை பெருஞ் செல்வம். ஆயின் ஒற்றுமையைக் கொண்டு 30 லட்சத்தைத் தீர்க்க முடியாது; ஒதுக்கி வைத்த ரொக்கமே தீர்க்கும். இதனை உணர்ந்து, வருகின்ற மகாசபையில் சகாய நிதியைப்பற்றிய யோசனையைக் கணக்கோடு கொண்டு வருமாறு அங்கத்தினர் யாவரையும் வேண்டுகிறோம்.