சி.டி. ஸ்கேன் படத்தின் பின்னுள்ள கணக்கு

ஒரு பொருளை ஊடுருவி வரும் எக்ஸ் கதிர் எவ்வளவு வலுவிழந்தது என்று அளந்தால், அதன் பாதையில் இருந்த அத்தனைக்குமான ஒற்றைக் கூட்டுத்தொகையே கிடைக்கும். எல்லாத் திசைகளிலும் எல்லாக் கோடுகளிலும் இப்படி அளந்தால் உட்புறத்தைத் துல்லியமாக மீட்கலாம் என்று 1917இல் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடோன் நிறுவினார். ஆனால், எந்தக் கருவியாலும் எண்ணி முடிக்கக்கூடிய அளவுகளையே எடுக்க முடியும்.

இதனால் வரும் சிக்கலை 0 அல்லது 1 மட்டுமே நிரப்பிய, இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட ஒரு கட்டத்திலேயே காணலாம். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் நிரலின் கூட்டுத்தொகையும் 1 எனில், இரு ஒன்றுகள் எந்த மூலைவிட்டத்தில் உள்ளன என்று சொல்ல முடியாது. மூலைவிட்டம் ஒன்றின் கூட்டுத்தொகையும் தெரிந்தால் ஐயம் தீரும். 0, 1 மட்டுமே கொண்ட அணியை நிரை, நிரல் கூட்டுத்தொகைகளிலிருந்து எப்போது அமைக்க இயலும் என்பதற்கான நிபந்தனையை 1957இல் ஹெர்பர்ட் ரைசரும் டேவிட் கேலும் தனித்தனியே கண்டறிந்தனர்.

மருத்துவத் தேவை கேப் டவுனில் எழுந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திசுக்களின் உட்கவர் அளவு தெரிய வேண்டியிருந்ததால், ராடோனின் கட்டுரையை அறியாமலே இயற்பியலாளர் ஆலன் கார்மக் தாமாக ஒரு தீர்வை வகுத்து 1963, 1964 ஆண்டுகளில் வெளியிட்டார். அது அப்போது யார் கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை.

இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த முதல் சோதனையில் காமாக் கதிர்களால் அளவெடுக்கவே 9 நாட்கள் பிடித்தன. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அந்தப் படம் 80×80 கட்டங்கள் கொண்டது. அவற்றின் மதிப்புகளைக் கணினி படிப்படியாகத் திருத்தி, அளவுகளோடு பொருந்தச் செய்தது.

அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்த புரத ஆய்வால் புகழ்பெற்ற ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து சுருக்கமான வழி ஒன்றை வெளியிட்டார். ஒரு திசையில் எடுத்த அளவுகளின் தொகுப்பே வீழல். வீழல்களை வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் படம் மங்கலாகும். எனவே பரப்புவதற்கு முன் ஒவ்வொரு அளவையும் அதன் அண்டை அளவுகளைக் கொண்டு திருத்தினர். மைய அளவுக்கு நேர் எடை. ஒற்றைப்படை இடங்களுக்கு, தொலைவு கூடக் குறையும் எதிர் எடை. இரட்டைப்படை இடங்களுக்கு 0. அளவுகளை அலைகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியர் மாற்றமே தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீழலும் கிடைத்தவுடனே கணக்கைத் தொடங்கலாம்.

'ராம்-லாக் வடிப்பான்' எனப் பெயர்பெற்ற இம்முறை நுண்விவரங்களோடு இரைச்சலையும் மிகைப்படுத்தும். அதைத் தணிக்கும் வடிப்பானை 1974இல் ஷெப், லோகன் இருவரும் அளித்தனர். கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வடித்துப் பரப்பும் முறை பல பத்தாண்டுகள் ஸ்கேனர்களில் கோலோச்சியது. கணினிகள் வேகம் பெற்றபின், குறைந்த கதிர்வீச்சிலும் தெளிவான படம் பெறுவதற்காகப் படிப்படியாகத் திருத்தும் முறைகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன.