வில்லும் எண்ணெயும்: மோட்டார் சைக்கிள் அதிர்வுதாங்கியின் வரலாறு

சாலையில் ஓடும் வண்டிக்குத் தேவைகள் இரண்டு. மேடுபள்ளத்திற்கேற்பச் சக்கரம் எழுந்து தாழ்தல் வேண்டும்; எழுந்த சக்கரம் உடனே தரையைப் பற்றுதலும் வேண்டும். முன்னதை வில் செய்யும். பின்னதை வில் மட்டும் செய்யாது. இவ்வுண்மை மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் முழுப்பயன் தருவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. அவ்வரலாற்றை அறிந்தால், நம் மக்கள் 'அப்சார்பர்' எனும் கருவியை வீட்டு வாசலில் கழற்றிப் பூட்டும் வேலையின் பொருளும் விளங்கும்.

நம் முன்னோர் வில்வண்டியை நன்கறிவர். மாட்டுவண்டியின் அச்சின்மேல் எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தினர். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தமையால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கிற்று. மாட்டின் நடைக்கு அது போதும். சுருள்வில்லின் இயல்போ வேறு. உராய்வதற்கு அதில் அடுக்குகள் இல்லை. ஒருமுறை தள்ளிய ஊஞ்சல் பலமுறை ஆடுவது போல, அழுந்திய சுருள்வில்லும் மேலும் கீழுமாய் ஆடும். விரைந்தோடும் வண்டியில் அவ்வாட்டம் சக்கரத்தைத் தரையினின்று எழுப்பிவிடும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை.

அவ்வாட்டத்தை அடக்குவதே எண்ணெயின் பணி. குழலுக்குள் எண்ணெய் இருக்கும். சிறு துளைகளையுடைய உந்து அதனூடே இயங்கும். மெல்ல அசைந்தால் எண்ணெய் வழிவிடும். விரைந்து அசைந்தால் எதிர்க்கும். நீருக்குள் கைவீசிப் பார்த்தவர் இதனை உணர்வர்.

தொடக்கக்கால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. இருக்கையின் கீழிருந்த வில்லே ஓட்டுநருக்கு ஆதரவு. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் எண்ணெயால் ஆட்டம் அடக்கும் முன்கவையை விற்பனை வண்டிகளில் அமைத்தது. பின்சக்கரத்திற்குப் பரவலான தீர்வு இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே வந்தது.

அத்தீர்வு இதுதான்: ஒரு கவையின் முன்முனை சட்டத்தில் கீல்போற் பொருந்தும், பின்முனை சக்கரத்தைத் தாங்கும். இதுவே 'சுவிங் ஆர்ம்'. அதற்கும் சட்டத்திற்கும் இடையே, பக்கத்திற்கு ஒன்றாக, வில்லும் எண்ணெய்க் குழலும் சேர்ந்த இரு அப்சார்பர்கள் நிற்கும். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948-இல் இம்முறையில் அமைந்த புல்லட் முன்மாதிரிகளைப் போட்டிகளில் இறக்கியது. அவ்வாண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த அனைத்துலக ஆறுநாள் போட்டியில் அவை தங்கப் பதக்கங்கள் பெற்றன. பெல்ஃபாஸ்ட் நகரின் மெக்காண்ட்லெஸ் சகோதரர்கள் வகுத்த சட்டத்தை நார்ட்டன் நிறுவனம் ஏற்க, 1950-இல் ஜெஃப் டியூக் அவ்வண்டியில் மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றார். 'இறகு மெத்தை' என்பது அச்சட்டத்திற்கு வழங்கிய பெயர்.

அந்தப் புல்லட் விரைவிலேயே தமிழ்மண்ணை அடைந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தோன்றிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது.

மலாயாவில் இம்முறையைப் பரப்பியது ஜப்பானின் சிறுவண்டி. 1958-இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டிக்கும் பின்புறம் இரண்டு அப்சார்பர்களே. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டிற்குக் கொணர்ந்தார். 'கப்சாய்' எனும் பெயர் எல்லா இனத்தார் நாவிலும் ஏறிற்று. பிற்காலத்தில் ஒற்றை அப்சார்பர் முறை வந்து, புதுவண்டிகள் பலவற்றில் இடம்பெற்றது. ஆயினும் எளிய உழைப்பாளியின் கப்சாயில் இரட்டை முறை இன்றும் வாழ்கிறது.

அதன் பெருஞ்சிறப்பு, தனியே கழற்றத்தக்க உறுப்பாக இருப்பதே. மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யலாம். முறை மட்டும் பிழையலாகாது. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்துக. ஒருபக்க அப்சார்பரைக் கழற்றிப் புதியதைப் பூட்டிய பின்னரே மறுபக்கத்தைத் தொடுக. ஒன்று நின்றால்தான் சுவிங் ஆர்ம் தன் நிலையில் நிற்கும். வாசர்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்க. அதே நீளமும் வலிமையும் உடைய இரண்டை இணையாகவே மாற்றுக. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒருபுறம் இழுக்கும். சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் அதன்மேல் நின்ற பின்னர் நட்டுகளை இறுதியாக முறுக்குக. இன்றேல் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கெடும். அப்சார்பரை மட்டும் பிரிக்கலாகாது. அழுந்திய சுருள்வில் தெறித்தால் கண்ணோ கையோ போகும்.

மாசாயைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல் இயங்கத் தொடங்கியது, தொழிற்சாலைகளும் பெருகின. பால்மரம் சீவியவரின் பிள்ளைகள், விடியுமுன் கப்சாய் ஏறி, கொள்கலன் லாரிகளுக்கிடையே ஈரச்சாலையில் வேலைக்குச் செல்கின்றனர். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் வற்றினால் தெரியாது. வில் வண்டியைத் தாங்கிக்கொண்டே இருப்பதால் எல்லாம் நலமெனத் தோன்றும்.

ஆதலின் இருக்கையைப் பலமாய் அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. மீண்டும் மீண்டும் ஆடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மாற்றுங் காலம் வந்தது என்க. அரை நூற்றாண்டு ஆராய்ச்சியால் கிட்டிய பயனை ஒரு நொடியில் சோதிக்கலாம். ஈரச்சாலையில் நம் பிள்ளை பிடிக்கும் பிரேக் அந்த ஒரு நொடியை நம்பியிருக்கிறது.