றபானும் பேஸ் கிற்றாரும்: மட்டக்களப்புக் கலியாண வீடுகளின் அடிநாதம்

மட்டக்களப்பின் இசையைப் பற்றி எழுதப் புகுவோர் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அப்பாலத்தைக் கடந்து நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் வழியாகக் காத்தான்குடிக்குச் செல்லும் வீதியோர ஊர்களின் கலியாண வீடுகளில், பாட்டுக்கு அடியில் நின்று தாளத்தையும் சுருதியையும் தாங்கும் தாழ்ந்த ஒலியை எந்தக் கருவி தந்தது என்று கேட்பது, மீனைவிட அவ்வூர் மனிதருக்கு நெருக்கமான கேள்வியாகும்.

காத்தான்குடியில் அக்கருவி றபான். வட்ட மரச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய இப்பறை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஈரக்காற்றில் தளர்ந்துவிடுவதால், அடிப்பதற்கு முன் தணலில் காய்ச்சப்படும். பின்னர் நடுவில் உள்ளங்கையால் அறைந்தால் தாழ்ந்த 'தும்' ஒலியும், விளிம்பில் விரல்நுனியால் தட்டினால் கூரிய ஒலியும் எழும். சூபித் துறவிகளான பக்கீர்மார் பைத் எனப்படும் பக்திப்பாடல்களைப் பாடியதும் இதன் துணையோடுதான். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப், அதாவது ஷாபிஈ இமாமின் வழிவந்த சட்ட மரபு, திருமணத்தில் தஃப் என்னும் ஒருமுகப் பறையை அனுமதிப்பதோடு, நரம்புக் கருவிகளை விலக்குவதே அதன் அறிஞர் பெரும்பாலோரின் கருத்தாகவும் இருப்பதால், றபானுக்குக் கிடைத்த இடம் கிற்றாருக்குக் கிடைக்கவில்லை.

வடக்கே மட்டக்களப்பு நகரத்தில் நிலைமை வேறு. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய பின்னும் இங்கேயே தங்கிக் கலந்துவிட்ட குடும்பங்களின் வழிவந்த பறங்கியர், கஃப்ரிஞ்ஞா என்னும் ஆடற்பாடலைத் தம் திருமணங்களில் காத்துவந்தனர். வயலினும் கிற்றாரும் மெட்டை நடத்த, அடியைத் தாங்கியது அங்கும் றபானே என்பது கவனிக்கத்தக்கது. கஃப்ரிஞ்ஞாவின் ஆறெட்டுத் தாளம், அதாவது ஆறு அசைகள் மும்மூன்றாகத் துள்ளும் நடை, 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் வழியாகச் சிங்களப் பைலாவாகவும், பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் வழியாகத் தமிழ்ப் பொப் இசையாகவும் பரவியது.

இப்பொப் இசையை மேடையேற்றிய குழுக்களில் அடியைத் தாங்கும் வேலை பேஸ் கிற்றாருக்கு வந்தது. அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ், ஆளுயர டபிள் பேஸைத் தோளில் தொங்கவிடக்கூடிய மின்கருவியாகச் சுருக்கியது. இதன் நான்கு தந்திகளில் தாழ்ந்தது ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில், றபானின் 'தும்' ஒலிக்கும் கீழே, அதிரும். அதே நிறுவனம் 1960இல் வெளியிட்ட ஜாஸ் பேஸில் பிக்கப் என்னும் ஒலியுணரி இரண்டு இருந்தன: கழுத்துப் பக்கத்து உணரி உருண்ட, கனத்த ஒலியையும், தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கத்து உணரி ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும் ஒலியையும் தரும்.

கலியாண மேடை இசைக்குழுவுக்கு இவ்வேறுபாடு முக்கியமாயிற்று. பைலாவுக்குப் பறையைப் போல் இடிக்கும் ஒலி போதும். ஆனால் 1976இல் வெளியான 'அன்னக்கிளி'க்குப் பின் வந்த இளையராஜாவின் திரைப்பாடல்களில், பேஸ் பெரும்பாலும் பாட்டுக்கு எதிர்மெட்டாகவே நடப்பதால், மந்தமான ஒலியில் அம்மெட்டு புதைந்துவிடும். ஒரே இரவில் இரண்டையும் வாசிக்க வேண்டியவனுக்கு ஜாஸ் பேஸ் வகையே வசதி என்று கொள்ளலாம். அதற்கும் ஒரு குறை உண்டு: உணரிகளில் ஒன்றை மட்டும் திறந்தால், நிலத்தொடுப்பு சரியில்லாத மண்டபங்களில் அலங்கார விளக்குகளின் மின்னிரைச்சல் பேஸ் வழியே கேட்கும். பிரெசிஷன் பேஸில் 1957 முதல் இரண்டாகப் பிளந்து பொருத்தப்பட்ட உணரியோ அவ்விரைச்சலைத் தானே அடக்கிவிடும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட இலங்கையில் இத்தகைய ஆராய்ச்சிக்கு அதிக இடமிருந்திருக்காது. திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னரே தெரிவு என்பது பொருளுடையதாயிற்று. பின்னாளில் பரவிய ஐந்து தந்திப் பேஸ் 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கினாலும், வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிகள் பல அந்த ஆழத்தை ஒலிக்க வல்லவை அல்ல என்பதால், ஐந்தாம் தந்திக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல அம்ப்ளிபயருக்குச் செலவிடுவதே மேடைக் கலைஞருக்குப் பயன் தரும்.