தோல் காத்தவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில், ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிடும் தொழில் தழைத்துவந்த நாளில், 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை, தோல் ஷாப்புத் தொழிலாளியும் அவன் குடும்பமும் குடல் வியாதிக்கு நம்பிப் போகும் இடமாக வளர்ந்தது. பிற்காலத்தில் அங்கிருந்த வைத்தியர்களான செல்வின் பேக்கரும் மாதனும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு நோயை ஆராய்ந்தது அந்த நம்பிக்கைக்கு உரம் சேர்த்தது.

குடல் வியாதிகளுள் குடல் அழற்சி விசித்திரமானது. மாதக்கணக்கில் அடங்கியிருந்து, திடீரென்று சீறியெழுந்து, இரத்தமும் சீதமுமாகப் பகலிரவு பாராமல் போகவைத்துத் தேகத்தை உருக்கிவிடும். 1932-இல் நியூயார்க்கில் குரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த வகையோ, நம் நாட்டில் குடல் காசத்தைப் போலவே வேஷமிட்டு வருவதால், இரண்டையும் பிரித்தறிவது இன்றும் வைத்தியர்க்குப் பெரும் பரீட்சையே.

மருந்துக்கு அடங்காதபோது பெருங்குடலை நீக்கிச் சிறுகுடலின் முனையை வயிற்றின்மேல் திறந்துவிடுவார்கள். உயிர் பிழைத்தவரை அடுத்து வாட்டியது, அந்த வாயிலிருந்து இடையறாது வடியும் ஜீரண நீர் சுற்றியுள்ள தோலையே அரித்துப் புண்ணாக்கிய அவஸ்தை. 1952-இல் இங்கிலாந்தில் அறுவை வைத்தியர் பிரையன் புரூக், அந்நீர் தோலில் படாமல் விழும்படி, குடல் முனையைச் சட்டைக் கைபோல் வெளிப்புறம் மடித்துத் தைத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை வைத்தியர் டர்ன்புல் தோலைக் காக்கக் கண்ட சாதனமோ கராயாப் பிசின்! நம் காடுகளில் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறிச் சேகரிக்கும் அந்தப் பிசினே கடல் கடந்து அந்நியரின் ரணத்துக்குக் கவசமாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? டர்ன்புல்லின் நோயாளியான நார்மா கில், தானே வயிற்றில் கழிவு சேரும் பை தரித்தவர், 1958 முதல் கிளீவ்லாந்திலேயே பிறருக்குப் பை பராமரிப்பைக் கற்பித்தார்; ஸ்டோமா (வயிற்றில் திறந்த குடல் வாய்) தாதியர் என்ற தனிப் பணி அவரிடமிருந்தே பிறந்தது. டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்னும் தாதி, வயிற்றில் இத்தகைய வாய் திறக்கப்பட்டபின் வெளியே செல்லவே அஞ்சிய தன் தங்கைக்காக 1954-இல் ஒட்டும் பையைக் கற்பனை செய்தார். கத்தி உயிரைக் கொடுத்தது; வீதியில் நடமாடும் வாழ்வைக் கொடுத்தவர்கள் தாதியரும் நோயாளிகளுமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்று ஆம்பூர்ச் செருப்புக் கம்பெனிகளில் தையல் மெஷின்முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருத்திக்கு இந்நோய் சீறும்போது, சூப்பர்வைசரின் முகம் பாராமல் எழுந்து போக உரிமை வேண்டும். வயிற்றில் பை வந்தபின், அதைக் காலிசெய்யத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். ஒருமுறை ஒட்டிக் கழற்றியெறிய வேண்டிய பையைக் காசில்லாமல் கழுவிக் கழுவி ஒட்டுபவளின் தோல், புரூக்குக்கு முந்திய காலத்து ரணத்துக்கே திரும்புகிறது. அரசு ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டில் மாத்திரையோடு மாதத்துக்கு வேண்டிய பைகளையும் எழுதிக் கொடுப்பது அசாத்தியமான காரியமன்று.